புது ரவுட்டர் வந்தபின் லப்டொப் மட்டும் இணையவில்லை: கார்டை மாற்ற வேண்டுமா?

கடிதத்தில் சொல்லப்பட்டது

காரைதீவுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் வயதான தாயாரும் இருக்கிறார்கள். பகலில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை: பாடசாலை வினாத்தாள்கள், வேலை விண்ணப்பங்கள், பிரதேச செயலகத்துக்குப் போகும் மனுக்கள். இரவில் சுவிஸில் வளரும் நம்மவர்களின் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் படிப்பிக்கிறார். இரண்டு வருமானமும் ஒரே லப்டொப்பை நம்பித்தான் இருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு பின்னேரம் இடி விழுந்ததில் பழைய ரவுட்டர் கருகிப் போயிருக்கிறது. இணைய நிறுவனத்திலிருந்து வந்த தம்பி புதியதைப் பூட்டிவிட்டு, "பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போட்டிருக்கிறேன், நீங்கள் ஒன்றும் மாற்றத் தேவையில்லை" என்று சொல்லிப் போயிருக்கிறார். அவர் சொன்னபடியே போன்களும் டிவியும் தாமாக இணைந்துகொண்டன. லப்டொப் மட்டும் மறுக்கிறது. வைஃபை பட்டியலில் வீட்டின் பெயர் தெரிகிறது. அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைய முடியவில்லை என்று சொல்கிறது. பாஸ்வேர்டைக்கூடக் கேட்பதில்லை.

கல்முனையில் ஒரு கடையில் காட்டியபோது வைஃபை கார்ட் (லப்டொப்புக்குள் இருந்து வைஃபை சிக்னலை வாங்கும் சின்னப் பாகம்) பழுது, அதை மாற்றி ஃபோர்மட்டும் பண்ண வேண்டும், 16,500 ரூபாய் என்றார்களாம். இன்னொரு கடையில் மதர்போர்டில் கோளாறு, புதிதாக ஒன்று வாங்குவது நல்லது என்றார்களாம். மச்சான் ரவுட்டரின் பின்பக்க ஓட்டையில் ஊசியால் குத்தி ரீசெட் பண்ணச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தன் வைஃபை பாஸ்வேர்டைத் தந்திருக்கிறார். அதைப் பாவிப்பது சட்டப்படி பிழையா என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: "இப்போதைக்குப் போன் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பை இணைத்துத்தான் வகுப்பு எடுக்கிறேன், டேட்டா தண்ணியாய்ப் போகிறது."

உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது

தங்கச்சி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. உங்கள் லப்டொப் போனின் ஹொட்ஸ்பொட்டில் வயரில்லாமல் இணைகிறது. அதில் ஒரு முழு வகுப்பையே நடத்துகிறீர்கள். ஹொட்ஸ்பொட்டும் வைஃபைதான். அதை வாங்குவதும் அதே கார்ட், அதே அன்டெனா வயர்கள்தான். கார்ட் செத்திருந்தால் ஹொட்ஸ்பொட்டும் கிடைத்திருக்காது. மதர்போர்டில் கோளாறு என்றால் பிள்ளைகளின் முகத்தை நீங்கள் திரையில் பார்த்திருக்கவே முடியாது.

ஆகவே அந்த 16,500 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். புது லப்டொப் பற்றிய யோசனையையும் தள்ளிவையுங்கள்.

கடைக்காரர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லப்டொப்பை மட்டும் கடைக்குக் கொண்டுபோனால் அவர்களுக்கு உங்கள் ரவுட்டர் தெரியாது. வீட்டு வைஃபை வேலை செய்யவில்லை என்று கேட்டதும் கார்ட் என்று ஊகித்திருக்கலாம். ஆனாலும் தங்கள் கடை வைஃபையில் ஒரு தடவை இணைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை அது. அதைச் செய்யாமல் விலை சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எப்போது கார்டைச் சந்தேகிக்கலாம்? வைஃபை அடையாளமே திரையில் காணாமல் போனால், ஹொட்ஸ்பொட் உட்பட எந்தப் பெயரும் பட்டியலில் வராவிட்டால், மூடியை அசைக்கும்போது இணைப்பு அறுந்து அறுந்து வந்தால். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பிணைச்சலுக்குள் ஓடும் அன்டெனா வயரின் பிரச்சினை. இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை.

இன்னொரு எண்ணத்தையும் திருத்த வேண்டும். "போன்கள் எல்லாம் இணைகின்றன, ஆகவே ரவுட்டரில் பிழை இல்லை, லப்டொப்தான் பழுது" என்று எழுதியிருக்கிறீர்கள். போன்கள் இணைவதிலிருந்து தெரிவது, வீட்டுக்கு வரும் இணையம் நன்றாக இருக்கிறது, ரவுட்டர் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான். ஹொட்ஸ்பொட் இணைவதிலிருந்து லப்டொப்பும் நன்றாக இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டு பக்கமும் நல்லாயிருக்க, இரண்டுக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம்தான் பிழையாகிவிட்டது. அதைத்தான் திருத்த வேண்டும்.

பெயர் பழையது, ரவுட்டர் புதியது

ஒரு வைஃபையில் முதல் தடவை இணையும்போது லப்டொப் அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் நினைவில் வைப்பதில்லை. எந்த வகைப் பாதுகாப்பு முறையில் இணைந்தது என்பதையும் சேர்த்தே பதிந்துகொள்கிறது. பழைய ரவுட்டர் அநேகமாக டபிள்யூபிஏ2 என்ற முறையில் இருந்திருக்கும். 2004ஆம் ஆண்டிலிருந்து வீடுகளில் பரவலாக இருப்பது அதுதான். 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது. இப்போது தரப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் டபிள்யூபிஏ3 தனியாகவோ, இரண்டும் கலந்தோ இருக்கும்.

வந்த தம்பி உங்களுக்கு உதவி செய்யத்தான் பழைய பெயரைப் போட்டார். போன்களுக்கு அது உதவியாகவும் இருந்தது. புதிய போன்கள் இந்த மாற்றத்தைத் தாமாகச் சமாளித்துக்கொள்ளும். உங்கள் லப்டொப்புக்கோ அதுவே குழப்பமாகிவிட்டது. வாசலில் பழைய இலக்கத் தகடு அப்படியே தொங்க, உள்ளே பூட்டை மட்டும் மாற்றிய வீடு மாதிரி. லப்டொப் பழைய திறப்பைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. பாஸ்வேர்டைக் கேட்காததற்கும் இதுதான் காரணம். தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அது நினைக்கிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது: மறக்கச் செய்யுங்கள்

லப்டொப்பின் நினைவிலிருந்து பழைய பதிவை அழிக்க வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளத்தை அழுத்தினால் பட்டியல் வரும். உங்கள் வீட்டுப் பெயரின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'ஃபொர்கெட்' என்று ஒன்று வரும், அதை அழுத்துங்கள். அங்கே வராவிட்டால் செட்டிங்ஸுக்குள் நெட்வேர்க், அதற்குள் வைஃபை, அதற்குள் 'மெனேஜ் நோன் நெட்வேர்க்ஸ்' என்று போனால் நீங்கள் இதுவரை இணைந்த எல்லாப் பெயர்களும் வரிசையாக இருக்கும். வீட்டுப் பெயரைத் தெரிவுசெய்து 'ஃபொர்கெட்' கொடுங்கள். இதனால் உங்கள் வேலைக் கோப்புகள் ஒன்றும் அழியாது, பயப்பட வேண்டாம்.

அடுத்து லப்டொப்பை 'ரீஸ்டார்ட்' பண்ணுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்துத் திரும்ப ஒன் பண்ணுவதும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அப்படியில்லை. சீக்கிரம் எழும்புவதற்காக, ஷட் டவுன் கொடுக்கும்போது உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துவிடும். அதனால் பிழையும் சேர்ந்து மறுநாள் எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இதே நேரத்தில் ரவுட்டரின் பிளக்கையும் கழற்றி, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். விளக்குகள் எல்லாம் வழமைக்கு வரும்வரை பொறுங்கள்.

இப்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் போயிருந்து பெயரை அழுத்துங்கள். இந்தத் தடவை பாஸ்வேர்டைக் கேட்க வேண்டும்.

நீங்கள் தட்டச்சுக்காரர் என்பதால் இந்த இடத்தில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். யூனிகோட் தமிழில் வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்துவிட்டு அப்படியே பாஸ்வேர்ட் அடிக்கப் போனால், விசைப்பலகை தமிழிலேயே நிற்கும். பெட்டிக்குள் கறுப்புப் புள்ளிகள்தானே தெரிகின்றன, நீங்கள் அடித்தது தமிழ் எழுத்து என்று கண்ணுக்குத் தெரியாது. வைஃபை பாஸ்வேர்ட் 8 முதல் 63 வரையிலான ஆங்கில எழுத்து, இலக்கம், குறிகளால் ஆனது. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பாமினி எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அங்கே விசைப்பலகை ஆங்கிலத்தில்தான் இருக்கும். பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் அடித்ததைப் பார்க்கலாம். பூச்சியமா ஆங்கில ஓவா, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தம்பி துண்டில் எழுதித் தந்ததை நம்புவதைவிட, இணைந்திருக்கும் போன் ஒன்றில் பாஸ்வேர்டைத் திறந்து பார்த்து அடிப்பது நல்லது.

என் கணிப்பில் உங்கள் சிக்கல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் இணையாவிட்டால்

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் மறுபடி மறுத்தால், லப்டொப்பின் கார்டுக்கு அல்லது அதன் டிரைவருக்கு (கார்டை இயக்கும் மென்பொருளுக்கு) புதிய பாதுகாப்பு முறை ஒத்துவரவில்லை என்று கொள்ளலாம். விண்டோஸ் 10இல் 2019இல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான் டபிள்யூபிஏ3 ஆதரவு இருக்கிறது. அதற்கு டிரைவரும் ஒத்துழைக்க வேண்டும். சில பழைய டிரைவர்கள் கலப்பு முறையைக் கண்டாலும் தடுமாறும்.

அப்போது மாற்றம் செய்ய வேண்டியது ரவுட்டரில். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பாவனைக்கு, நீளமான பாஸ்வேர்டோடு, அது இன்றைக்கும் போதும். ஆனால் பாதுகாப்பே இல்லாமல் திறந்துவிடுகிறேன் என்றோ, டபிள்யூஇபி என்ற மிகப் பழைய முறையைப் போடுகிறேன் என்றோ யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். டபிள்யூஇபி எப்போதோ உடைக்கப்பட்ட முறை.

அதே தடவையில் இன்னொன்றையும் கேளுங்கள். புதிய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளை ஒரே பெயரில் அனுப்புகின்றன. கருவியை அங்குமிங்கும் தள்ளிவிடுவது ரவுட்டரின் வேலை. பழைய கார்டுகளுக்கு இது சரிவராமல் போவதுண்டு. சிலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துத் தந்தால், லப்டொப்பை 2.4இல் நிறுத்தலாம். அதன் வேகம் குறைவு, ஆனால் சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும். நீங்கள் படிப்பிப்பது பின் அறையில், ரவுட்டர் இருப்பது முன் ஹோலில் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இரண்டு கல் சுவர் என்றால் எப்படியும் உங்களுக்கு 2.4தான் பொருத்தம்.

இந்த இரண்டு மாற்றத்தையும் நீங்களும் செய்யலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 போல ஒன்று. போனின் பிரவுசரில் அடித்தால் திறக்கும். அதே தாளில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். கைவராவிட்டால் நிறுவனத்துக்கு அழையுங்கள். ரவுட்டரை மாற்றித் தந்தவர்கள் அவர்கள். மாற்றிய பின் வீட்டுக் கருவி ஒன்று இணையவில்லை என்றால் அமைப்பைச் சரிபார்த்துத் தரும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அழைக்கும்போது முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டு எழுதிவையுங்கள், திகதியோடு. பல தடவை அழைத்தும் கைவிரித்தால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அங்கே போக அந்த இலக்கம் தேவைப்படும்.

இணைந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை என்று காட்டினால் அது வேறு கதை. வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தில் ஐபி முகவரி என்று ஒன்று இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்கள் லப்டொப்புக்கு முகவரி கொடுக்கவில்லை, லப்டொப் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே பக்கத்தில் ஐபி ஒதுக்கீடு ஒட்டோமெட்டிக் என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது கையால் இலக்கம் போட்டிருந்தால், பழைய ரவுட்டருக்குச் சரியாக இருந்தது புதியதுக்குச் சரிவராது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் டிரைவர் பக்கம் போக வேண்டும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மெனேஜர்', அதற்குள் 'நெட்வேர்க் அடப்டர்ஸ்'. வைஃபை அல்லது வயர்லெஸ் என்று பெயருள்ளதை 'அன்இன்ஸ்டோல் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் அதைத் திரும்பப் பதிந்துகொள்ளும். டிரைவரையும் அழிக்கவா என்று கேட்கும் சின்னப் பெட்டியில் சரி போடாதீர்கள். புதிய டிரைவர் வேண்டுமென்றால் லப்டொப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அடியில் உள்ள மொடல் இலக்கத்தைக் கொடுத்து எடுங்கள். டிரைவர் தருகிறோம் என்று இடையில் வரும் வேறு தளங்களை நம்ப வேண்டாம். வைஃபை முழுதாக நின்றுபோனாலும் போனைச் சார்ஜர் வயரால் லப்டொப்பில் கொளுவி, போனில் 'யூஎஸ்பி டெதரிங்' ஒன் பண்ணினால் இணையம் வரும்.

எல்லாவற்றுக்கும் கடைசி 'நெட்வேர்க் ரீசெட்'. லப்டொப்பில் சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளும் போய்விடும். கோப்புகள் போகாது.

மச்சானின் ஊசி

மச்சான் அக்கறையில் சொல்கிறார், ஆனால் தயவுசெய்து குத்த வேண்டாம். பிளக்கைக் கழற்றிப் போடுவதும் ஊசியால் ரீசெட் பண்ணுவதும் ஒன்றல்ல. முதலாவதில் ரவுட்டர் தூங்கி எழும்புகிறது, அவ்வளவுதான். இரண்டாவதில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே போய்விடும். ஃபைபர் இணைப்புகளில் நிறுவனம் உள்ளே பதிந்து வைத்த இணைப்பு விவரங்களும் அதோடு அழிந்துவிடக்கூடும். அப்புறம் லப்டொப்புக்கு மட்டுமில்லை, போன், டிவி ஒன்றுக்குமே இணையம் இருக்காது. நிறுவனத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது ஒரு கருவிக்குத்தான் சிக்கல். அதை வீட்டுச் சிக்கலாக ஆக்கத் தேவையில்லை.

ஃபோர்மட், கடை, உங்கள் உரிமை

ஃபோர்மட் பண்ணினால் சில வேளை வைஃபை இணைந்துவிடும். அது உண்மைதான். பழைய பதிவும் சேர்ந்து அழிவதால் இணைகிறது. 'ஃபொர்கெட்' செய்ய வேண்டிய வேலையை முழு லப்டொப்பையும் துடைத்துச் செய்வது அது. உங்கள் விடயத்தில் விலை அதிகம். பாமினி போன்ற எழுத்துருக்கள், தட்டச்சு அமைப்புகள், பழைய வினாத்தாள் மாதிரிகள், வகுப்புப் பாடங்கள் எல்லாம் அந்த லப்டொப்பில்தானே இருக்கின்றன. பிரதி இல்லையென்றால் திரும்ப உருவாக்க எத்தனை இரவு போகும்?

எப்போதாவது கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். அடுத்து, விண்ணப்பம் அடிக்க வந்தவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், வகுப்புப் பிள்ளைகளின் பதிவுகள் உங்களிடம் இருக்கும். அவை உங்களை நம்பித் தரப்பட்டவை. வேலை முடிந்தவற்றை அழித்துவிடுங்கள், தேவையானவற்றை வெளி டிஸ்கில் வைத்துக்கொண்டு லப்டொப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறிவிட்டுக் கொடுங்கள்.

கடையில் நாலு விடயம் கேளுங்கள். என்ன பழுது, எவ்வளவு என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் தர வேண்டும். உங்களைக் கேட்காமல் ஃபோர்மட் பண்ணக்கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுவியுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றாத பாகத்துக்குக் காசு எடுத்தார்கள், சொன்ன வேலையைச் செய்யவில்லை என்றால் அந்த அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் போய் நின்றால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

உண்மையாகவே கார்ட் பழுதென்று ஒரு நாள் தெரியவந்தாலும் லப்டொப்பைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பென்டிரைவ் மாதிரிச் சின்ன யூஎஸ்பி வைஃபை அடப்டர் ஒன்றைக் கொளுவினால் வேலை நடக்கும். கேட்ட தொகையில் சிறு பங்குதான் வரும்.

வகுப்பு எடுப்பவருக்கு என் முதல் விருப்பம் இன்னும் எளிமையானது. உங்கள் லப்டொப்பில் லேன் வயர் கொளுவும் இடம் இருந்தால், ரவுட்டரிலிருந்து பின் அறைக்கு ஒரு வயர் இழுத்துவிடுங்கள். 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும். வைஃபையில் சிக்கல் இருந்தாலும் இன்றிரவு வகுப்பு நடக்கும், ஹொட்ஸ்பொட் டேட்டாவும் மிச்சம். சுவிஸ் பிள்ளைகளுக்கு உங்கள் குரல் வெட்டி வெட்டிக் கேட்பதும் நிற்கும்.

லப்டொப் ஏழெட்டு வருடப் பழையது, விண்டோஸ் 10 என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இன்றைய சிக்கலுக்கு அது காரணமில்லை, அதைச் சொல்லி யாரும் உங்களை அவசரமாக வாங்க வைக்க வேண்டாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் மற்றவர்களின் ஆவணங்களை வைத்திருக்கிறீர்கள் என்பதால், விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்ப்பதையோ, மெதுவாகக் காசு சேர்ப்பதையோ அடுத்த வருட வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு வைஃபை

அக்கா தானாக விரும்பித் தந்திருக்கிறார், நீங்களும் அவருக்குத் தெரிந்தே பாவிக்கிறீர்கள். இதில் களவு ஒன்றுமில்லை. அனுமதியில்லாமல் நுழைவதைத்தான் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. ஆனாலும் அந்த இணைப்பில் நடக்கும் எதற்கும் முதலில் விசாரிக்கப்படுவது அக்காவின் பெயர்தான். அவருடைய டேட்டாவும் முடிகிறது. அவசரத்துக்கு ஓரிரு நாள் பாவியுங்கள், பாஸ்வேர்டை உங்கள் பிள்ளைகளின் நண்பர்கள்வரை போக விடாதீர்கள். வீட்டு இணைப்புச் சரியானதும் அதையும் லப்டொப்பிலிருந்து 'ஃபொர்கெட்' பண்ணிவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் கூடிய நேரத்தில் லப்டொப் தானாக அங்கே தாவும்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை

கரையோரத்தில் இருக்கிறீர்கள், மார்கழி தாண்டும்வரை மழை போகாது. இடி முழக்கம் தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே ரவுட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மின்னலின் பாய்ச்சலுக்கு சுவிட்சுக்குள் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி ஒரு தடையே இல்லை. பழைய செப்புத் தொலைபேசி வயரில் இணையம் வருகிறதென்றால் அந்த வயரையும் கழற்ற வேண்டும். அதன் வழியாகவும் மின்னல் வரும். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதில் மின்சாரம் பாயாது, ஆனால் ரவுட்டரின் அடப்டர் கரண்டில்தானே நிற்கிறது. லேன் வயர் இழுத்தீர்களானால் இடி நேரத்தில் அதையும் லப்டொப்பிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ரவுட்டருக்கு வந்த அடி அந்த வயர் வழியே லப்டொப்புக்கும் போகலாம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயர்களைத் தொட வேண்டாம், முன்பே செய்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் இணையாவிட்டால் திரும்ப எழுதுங்கள். எழுதும்போது திரையில் வந்த செய்தியை அப்படியே போனில் படம் எடுத்து அனுப்புங்கள். ரவுட்டரின் மொடல் இலக்கம், டிவைஸ் மெனேஜரில் உள்ள வைஃபை கார்டின் பெயர், 'ஃபொர்கெட்' செய்த பின் பாஸ்வேர்ட் கேட்டதா இல்லையா என்பது, இந்த மூன்றும் எனக்குப் போதும். ரவுட்டரின் தாளைப் படமெடுத்தால் அதிலுள்ள பாஸ்வேர்டை விரலால் மறைத்துவிட்டு எடுங்கள்.